பாவை சிரித்தாளா?

குறுந்தொகையின் 89ஆம் பாட்டையும் 100ஆம் பாட்டையும் ஒரே மூச்சில் படித்தால் ஒரு முரண் கண்ணில் படும். முன்னது பரணர் பாடியது, பின்னது கபிலர் பாடியது. இரண்டு பேரும் தங்கள் பாட்டில் வரும் பெண்ணுக்குக் கொல்லிமலைப் பாவையை உவமை சொல்கிறார்கள். இரண்டு பேருமே பாவையை மலையின் மேற்குப் பக்கத்தில்தான் நிறுத்துகிறார்கள். மலை யாருடையது என்பதில்தான் பேச்சு மாறுகிறது. பரணர் பாட்டில் அது சேரன் மலை. கபிலர் பாட்டில் வல்வில் ஓரியின் மலை. இது எப்படி வந்தது என்பதை அகநானூறு 209இல் கல்லாடனார் சொல்லிவிடுகிறார். முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். அந்தக் கொலையைச் சொன்ன கையோடு அவரும் பாவையைத்தான் உவமைக்குக் கூப்பிடுகிறார். அரசன் போய்விட்டான், மலை கை மாறிவிட்டது, பாவை நின்ற இடத்திலேயே நிற்கிறாள்.

அவளைச் செய்தது யார் என்பதிலும் ஒருமித்த பேச்சு இல்லை. பரணருக்கு அது தெய்வம் எழுதிய பாவை. கல்லாடனாருக்குக் கடவுள் ஆக்கிய பாவை. நற்றிணை 192இல் பூதம் செய்து வைத்த பாவை. பாறையில் தீட்டியதா, செதுக்கியதா, தனியாக நிறுத்திய உருவமா என்று எவரும் விளக்குவதில்லை. சேந்தமங்கலத்துக்காரர்களான எங்களுக்கு விடிந்தால் தெரிவது அந்த மலையின் மேற்கு முகம்தான். சின்ன வயதில் பாறைச் சரிவைக் காட்டி ஆளுக்கொரு மூக்கும் கண்ணும் கண்டுபிடிப்போம். ஒருவன் கண்டதை இன்னொருவன் ஒப்புக்கொண்டதே கிடையாது.

இன்று கொல்லிப்பாவை என்றதும் எல்லோரும் சொல்லும் கதை வேறு. மலையில் தவம் செய்த முனிவர்களை அசுரரும் அரக்கரும் தொல்லை செய்தார்கள். அவர்களைக் காக்கத் தெய்வத் தச்சன் ஓர் அழகிய பெண்ணுருவைச் செய்து வைத்தான். அரக்கர் வாடை பட்டதும் பாவை சிரிப்பாள். மயங்கி அருகில் வந்தவன் உயிரோடு திரும்ப மாட்டான். உரைக்குறிப்புகளில் இருந்து பாடநூலுக்கும், அங்கிருந்து சுற்றுலாக் கையேட்டுக்கும், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கும் இந்தக் கதை வந்து சேர்ந்திருக்கிறது. மலைமேல் இருக்கிற எட்டுக்கை அம்மன்தான் அந்தப் பாவை என்று சொல்வோரும் நிறையப் பேர். 1970களில் ராஜமார்த்தாண்டன் தம் சிற்றிதழுக்குக் ‘கொல்லிப்பாவை’ என்று பெயர் வைத்தபோது அவர் மனத்தில் இருந்தது இந்தச் சிரிப்பாகத்தான் இருக்கும். சிற்றிதழுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

ஆக, நம்மிடம் குறைந்தது மூன்று பாவைகள் இருக்கிறார்கள். உவமையாக மட்டும் வந்து போகிறவள் ஒருத்தி, சிரித்துக் கொல்கிறவள் ஒருத்தி, எலுமிச்சை மாலை போட்டுக்கொண்டு கருவறையில் இருக்கிறவள் ஒருத்தி. எந்தப் பாவை கணக்கில் வருகிறவள்? வெறுமனே படித்துவிட்டுப் போகிறவனுக்கு இந்தக் கேள்வியே எழாது. மூவரும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். எனக்கு ஒரு நாடகம் எழுத வேண்டியிருந்தது.

பெரக்கரை நாடு கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்று. இங்கே நாடு என்றால் ஒரு பஞ்சாயத்து. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு என்று ஒவ்வொன்றுக்கும் தனி முகம் உண்டு. பெரக்கரையில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் நண்பர் ஆண்டு விழாவுக்கு அரைமணி நேர நாடகம் ஒன்று கேட்டார். “நம்ம மலைக் கதையா இருக்கட்டும்” என்றார். கொல்லிப்பாவையை விட்டால் வேறு என்ன? காரவல்லியில் இருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனேன். வழியெல்லாம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்து கிடந்தது. அறுவடை நேரம்.

எழுதிக்கொண்டு போனதை ஏழாம் வகுப்பில் படித்துக் காட்டினேன். அரக்கன் வருகிறான், பாவை சிரிக்கிறாள், அரக்கன் விழுகிறான். முன்வரிசைப் பெண் கையைத் தூக்கினாள்.

“சார், அம்மன் கொல்லாது சார்.”

பின்னால் இருந்து ஒரு பையன் விடவில்லை. “அப்புறம் எதுக்குடி எட்டுக் கை?”

வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது. அம்மன் கெட்டவர்களைத்தான் கொல்லும் என்று ஒரு கட்சி. அம்மன் பயமுறுத்தி விரட்டிவிடும், கொல்லாது என்று இன்னொரு கட்சி. பாவை வேறு, அம்மன் வேறு என்று ஒரே ஒருத்தி தனியாக நின்றாள். அவளுக்கு ஆதரவு இல்லை. நான் உள்ளே புகுந்து, பழைய பாட்டுகளில் சிரிப்பே கிடையாது, அதெல்லாம் பின்னால் வந்த கதை என்று சொன்னேன். ஒருவரும் அசரவில்லை. பழையது என்பது அவர்களுக்கு ஒரு வாதமாகவே படவில்லை.

எனக்கு அது வாதம்தான். முதலில் வந்தது மூலம், பின்னால் வந்தது ஒட்டு என்பது தமிழ் படித்தவனின் இயல்பான கணக்கு. ஆனால் அந்தக் கணக்கைக் கொல்லிப்பாவையிடம் போட்டுப் பார்த்தால் விடை வராது. சங்கப் பாட்டில் சிரிப்பு இல்லை என்பது சரி. கொலையும் இல்லையா? நற்றிணை 185இல் ஏங்கிக் கிடக்கும் தலைவன் ஒருவன், தெய்வம் எழுதிய பாவை போன்றவள் என்னைக் கொல்லத் திட்டமிட்டுவிட்டாளே என்று நொந்துகொள்கிறான். கொல்லப் பார்ப்பது அவன் காதலிதான். ஆனால் எத்தனையோ அழகிய உருவங்கள் இருக்க, கொலையைப் பற்றிப் பேசும்போது அவனுக்கு ஏன் கொல்லிப்பாவை நினைவு வர வேண்டும்? கேட்கிறவனுக்கும் ஏற்கெனவே ஒரு கதை தெரிந்திருந்ததாலா, தற்செயலா?

உவமையின் இயல்பு அப்படி. தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும், மிச்சத்தைத் தொடாது. நற்றிணை 201இல் வேறொரு தலைவன். காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அழகு குறையாமல் நிற்கும் பாவையை அவன் சொல்கிறான். எதற்கு? அவள் என் நெஞ்சை விட்டுப் போக மறுக்கிறாள் என்பதற்கு. கபிலருக்கு அவளது மடப்பம் வேண்டியிருந்தது. பரணருக்கு அவள் வடிவழகு வேண்டியிருந்தது, அதை உரலில் குத்திக்கொண்டே பாடும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார். இவர்களில் ஒருவர்கூடப் பாவையின் கதையைச் சொல்ல உட்காரவில்லை. அவள் கதையைச் சொல்லாத பாட்டுகளை வைத்துக்கொண்டு, கதையே இல்லை என்று எப்படித் தீர்ப்பு எழுதுவது?

உவமை எவ்வளவு ஈரமில்லாமல் எடுத்துக்கொள்ளும் என்பதற்குக் கபிலரின் நற்றிணை 320ஆம் பாட்டே போதும். ஓரியைக் கொன்றுவிட்டுக் காரி அவனுடைய பெரிய தெருவில் நுழைந்தபோது ஊர் எப்படி இரைந்ததோ, அப்படி இரைந்ததாம் இந்த ஊர். எதற்கு இந்த இரைச்சல்? ஒரு பரத்தை அலங்கரித்துக்கொண்டு தெருவில் நடந்ததற்கு. ஒரு மலையின் தலைவன் செத்த நாள், தெருவம்பின் அளவைச் சொல்லப் பயன்பட்டுவிட்டது. காரியையும் புகழ்ந்து புறநானூற்றில் பாடியவர்தான் கபிலர். அவருக்கு இரண்டு பேரும் வேண்டியவர்களாக இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தெருதான் கண்ணில் நிற்கிறது, அந்தப் பெண் நிற்பதில்லை.

நண்பர் தங்கியிருந்த வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்து மிளகு காயப் போட்டிருந்தார்கள். ஆயா ஒருவர் கொத்துகளைக் காலால் தேய்த்து மணியை உதிர்த்துக்கொண்டிருந்தார். பச்சையாகக் கொட்டியவை ஒரு மூலையில், வெயிலில் கறுத்துச் சுருங்கியவை இன்னொரு மூலையில். சருகும் காம்பும் காற்றுக்குத் தார்ப்பாயின் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தன. நான் அவரிடம் நியாயம் கேட்டேன்.

“ஆயா, கொல்லிப்பாவை சிரிச்சுக் கொல்லுமா?”

“யாரு சொன்னா சாமி உங்களுக்கு?”

“அப்படித்தான் கதை இருக்குதுங்க. பழைய பாட்டுல அப்படி இல்லீங்க.”

“பாட்டுக் கட்டுனவங்க மேல வந்து பார்த்துட்டுக் கட்டுனாங்களா?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பரணரும் கபிலரும் இந்த மலை ஏறினார்களா? உவமைக்கு மலை ஏற வேண்டியதில்லை. ஆயா காலை நிறுத்தாமல் சொன்னார். “அவ சிரிச்சா என்ன, சும்மா இருந்தா என்ன? வருசத்துக்கு ஒருக்கா போயிக் கும்புட்டுட்டு வரணும். அவ்வளவுதான்.” உள்ளே இருந்து எட்டிப் பார்த்த மருமகள் வேறொரு கதை சொன்னாள். அதில் சித்தர்கள் வந்தார்கள், நாகம் வந்தது, மூலிகைக் குகை வந்தது. பாதி மாமியார் வீட்டுப் பேச்சு, பாதி ராத்திரி எட்டரை மணி சீரியல் என்று எனக்குப் பட்டது. மாமியார் மறுக்கவில்லை. சிரித்துக்கொண்டார்.

ஆயாவின் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. யார் சொன்னது, பார்த்துவிட்டுச் சொன்னார்களா என்பதுதான் அவர் அளவுகோல். அதைவிட முக்கியமாக, அவருடைய பாவை அவரிடம் ஒன்றைக் கேட்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறாள். என்னுடைய பாவை என்னிடம் எதையும் கேட்பதில்லை. பக்கத்தைத் திருப்பினால் போய்விடுவாள். ஒரு கதாபாத்திரத்தின் எந்த வடிவம் மெய்யானது என்று தீர்மானிக்க வேண்டி வந்தால், அதற்காக யார் நடக்கிறார்கள், யார் நோன்பு இருக்கிறார்கள் என்று பார்ப்பது, எது பழையது என்று பார்ப்பதைவிட நல்ல வழி என்று அன்று தோன்றியது. இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் முழுவதுமாக இல்லை. யாருக்குப் பக்தி அதிகமோ அவர் சொன்னதே கதை என்று விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். ஏ. கே. ராமானுஜன் பல ராமாயணங்களைப் பற்றி எழுதிய கட்டுரையை டெல்லிப் பல்கலைக்கழகம் 2011இல் பாடத்திட்டத்தில் இருந்து எடுத்துவிட்டது. கம்பன் இன்று எழுதியிருந்தால், இராவணன் சீதையைத் தொடாமல் பர்ணசாலையை மண்ணோடு பெயர்த்து எடுத்துப் போனதாக மாற்றியதற்கு அவனிடமும் விளக்கம் கேட்டிருப்பார்கள். புதுமைப்பித்தன் ‘சாப விமோசன’த்தில் அகலிகையை மறுபடி கல்லாக்கினார். இராமாயணம் அறிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைப் பற்றிக் கவலை இல்லை என்ற பொருளில் கதையின் தலையிலேயே ஒரு குறிப்பும் போட்டுக்கொண்டார். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். மாற்றினேன் என்று சொல்லிவிட்டு மாற்றினார்.

எழுதியவரே உயிரோடு இருந்தால் சிக்கல் தீருமா? தீராது. ஆர்தர் கானன் டாயில் 1893இல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றார். வாசகர் விடவில்லை. 1903இல் உயிரோடு கொண்டுவந்தார். நாடகமாக்க முனைந்த அமெரிக்க நடிகர் வில்லியம் ஜில்லெட், ஹோம்ஸுக்குக் கல்யாணம் செய்து வைக்கலாமா என்று தந்தி அடித்துக் கேட்டபோது, செய்யுங்கள், கொல்லவும் செய்யுங்கள், இஷ்டம் போல் நடத்துங்கள் என்று டாயில் பதில் அனுப்பிவிட்டார். நான்கு நாவல்கள், ஐம்பத்தாறு சிறுகதைகள், இவை மட்டுமே உண்மையான ஹோம்ஸ் என்று வேலி போட்டவர்கள் வாசகர்கள்தான். படைத்தவருக்கு அந்த அக்கறை இல்லை. செர்வாண்டிஸ் நேர்மாறு. அவருடைய ‘தான் கிகோத்தே’ நாவலுக்கு வேறொருவன் 1614இல் போலி இரண்டாம் பாகம் எழுதிவிட்டான். கோபம் வந்த செர்வாண்டிஸ் 1615இல் தம்முடைய இரண்டாம் பாகத்தில் கிகோத்தேவின் காதிலேயே அந்தச் செய்தியைப் போட்டு, போலி நூலில் வந்த ஊருக்குப் போகாமல் பார்சிலோனாவுக்குத் திருப்பிவிட்டார். முடிவில் ஆளையும் சாகடித்தார், இனி ஒருவரும் கை வைக்கக் கூடாது என்று. நம் ஊரில் ‘பொன்னியின் செல்வன்’ நந்தினியைப் பற்றிச் சண்டை போடாத தேநீர்க் கடை உண்டா? கல்கி ஆதித்த கரிகாலன் சாவை மூடு மந்திரமாக விட்டார். 2023இல் வந்த படம் அதைத் திறந்து காட்டியது. நடுவே விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்று தொடர்ச்சி எழுதினார். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் ‘புத்தகத்தில் அப்படி இல்லை’ என்றார்கள். புத்தகத்தில் எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு மாதிரி சொன்னார்கள்.

சொல்கிறவர் ஒருவரே என்றாலும் கதை ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். காங்கேயம் பக்கத்தில் ஆய்வாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் அண்ணன்மார் கதையைப் பதிவு செய்தபோது, ஒரே பாடகர் ஊர் மக்கள் முன்னால் இரவுகளில் பாடியதும், தனியாக உட்கார்ந்து எழுதுவதற்காகச் சொல்லிக் கொடுத்ததும் ஒன்றுபோல் இல்லை. எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது கதைக்குள் வந்துவிடுகிறது. அதே கதையைச் சக்திக்கனல் பதிப்பித்த நூலில் படிக்கலாம், கலைஞர் எழுதிய ‘பொன்னர்-சங்கர்’ நாவலில் படிக்கலாம், 2011இல் வந்த படத்தில் பார்க்கலாம். வீரப்பூர்த் திருவிழாவில் அந்தக் கதையின் படுகளம் பார்க்கிறவருக்கு இவை ஒன்றும் தேவைப்படாது.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். அப்பா இறந்த முதல் வருடத் திதிக்கு வீட்டில் ஒரு படம் மாட்ட வேண்டியிருந்தது. பீரோவில் இருந்து எடுத்துப் போட்ட படங்களில், அக்கா ஒன்றைத் தொடவே மாட்டேன் என்றாள். அதில் அப்பாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். முறுக்கிய மீசை, கை மடித்துவிட்ட சட்டை. அது அவளைப் பெல்ட்டால் அடித்த அப்பா. எனக்கு அந்த மனிதரைத் தெரியாது. நான் பிறந்து நினைவு தெரியும்போது அவருக்குச் சர்க்கரை வந்து, குரல் தணிந்து, சந்தைக்குப் போனால் எனக்குப் பொட்டலம் கட்டி வாங்கி வருகிறவராக ஆகியிருந்தார். அக்கா என் அப்பாவை நம்பவில்லை. நான் அவள் அப்பாவை நம்பக் கொஞ்ச காலம் ஆயிற்று. அம்மாவிடம் கேட்டால் மூன்றாவதாக ஒருவரைச் சொன்னார், கல்யாணமான புதிதில் ராசிபுரம் கொட்டகையில் படம் பார்த்து அழுத ஒருவரை. மூவரும் பொய் சொல்லவில்லை. பேசிக்கொண்டு இருக்கும்வரை மூன்று அப்பாக்களும் அந்த வீட்டில் தாராளமாக இருந்தார்கள். ஆணி ஒன்று, சட்டகம் ஒன்று என்று வந்தபோதுதான் தகராறு.

நான் இதில் இருந்து எடுத்துக்கொண்டது இதுதான். எந்த வடிவம் மெய் என்று தீர்மானிக்க வேண்டிய கட்டாயம் கதைக்கு இல்லை. கல், அச்சு, மேடை, சுவர் இவற்றுக்குத்தான் இருக்கிறது. அவற்றில் ஒன்றுக்குத்தான் இடம் உண்டு. அந்த இடத்தை நிரப்புகிறவன் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தேர்ந்தெடுத்ததை மறைக்காமல் இருப்பதுதான் அவன் செய்யக்கூடிய ஒழுங்கான காரியம். உ.வே.சா. 1937இல் குறுந்தொகையைப் பதிப்பித்தபோது அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. ஏடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சொன்னன. அவர் ஒரு பாடத்தைத் தேர்ந்து பாட்டில் வைத்தார். மற்றவற்றைத் தூக்கி எறியவில்லை, பிரதிபேதம் என்று அச்சிலேயே கொடுத்தார். அவர் முடிவு பிடிக்காதவன் அந்தக் குறிப்பைப் பார்த்து வேறு முடிவுக்கு வரலாம். தயங்கித் தயங்கி முடிவே எடுக்காமல் விட்டிருந்தால் நமக்கு அந்தப் பதிப்பு கையில் கிடைத்திருக்காது. மற்ற பாடங்களை மறைத்திருந்தால் அவர் சொன்னதே வேதம் என்று ஆகியிருக்கும்.

எங்கள் வீட்டில் கடைசியில் மாட்டியது ஐம்பது வயதுப் படம். அக்கா ஒப்புக்கொண்டாள், ஆனால் மீசைப் படத்தைக் கிழிக்கக் கூடாது என்று சொன்னவளும் அவள்தான். அது இன்னும் பீரோவில் இருக்கிறது. பேரப் பிள்ளைகள் கேட்டால் அவள் எடுத்துக் காட்டிச் சொல்கிறாள், குரலை ஏற்றாமல்.

எல்லா வேறுபாடுகளும் ஒரே எடை உள்ளவை என்று நான் சொல்ல வரவில்லை. பாவை சிரித்தாளா, இல்லையா என்பதில் ஒருவருக்கும் நட்டம் கிடையாது. ஓரி விஷயம் அப்படி அல்ல. அவன் கற்பனைப் பாத்திரம் இல்லை என்றாலும் நமக்கு வந்து சேர்ந்திருப்பது பாட்டின் வழியாகத்தான். புறநானூறு 152இல் வன்பரணர் காட்டும் காட்சியை எல்லோரும் அறிவோம். ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலி, மான், பன்றி என்று போய், புற்றில் இருந்த உடும்பில் தைத்து நிற்கிறது. எய்த வேட்டுவன் தன் பெயரைச் சொல்வதில்லை. இவன் ஓரிதானோ, வேறு யாரோ என்று புலவரே தடுமாறுகிறார். பசித்து வந்த கூட்டத்துக்கு இறைச்சியும் பொன்னும் கொடுத்துவிட்டு அவன் போகிறான். செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடி 17, 18 தேதிகளில் அரசு விழா எடுக்கிறது, வில்வித்தைப் போட்டியும் நடக்கிறது. அம்பையும் கொடையையும் கொண்டாடுவது நியாயம். ஆனால் சிலையைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கும் வெளியூர்ப் பிள்ளை, இவன் எப்படிச் செத்தான், மலை ஏன் சேரனுக்குப் போயிற்று என்று கேட்காமலே போய்விட்டால், ஒரு மனிதனுக்கு நடந்த அநியாயம் ஒன்று கதையில் இருந்து உதிர்ந்துவிடுகிறது. விழாவில் சாவைச் சொல்ல மாட்டார்கள், அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த வேலையைப் பாட்டு இரண்டாயிரம் வருடமாகச் செய்துகொண்டிருக்கிறது. தெருவம்புக்கு உவமையாகவாவது செய்துகொண்டிருக்கிறது. ஒரு வடிவத்தை விடுவதால் பாதிக்கப்பட்டவன் கண்ணுக்கு மறைவான் என்றால், அந்த வடிவத்தை விடக் கூடாது. மற்ற இடங்களில் தாராளமாக இருக்கலாம்.

அக்காவின் மீசைப் படத்தைப் பற்றி எனக்கு இருக்கும் மரியாதையும் இதே காரணத்தால்தான்.

நாடகத்தை மாற்றி எழுதினேன். பாவை மேடையின் மேற்குப் பக்கம் நிற்பாள். சிரிப்பாளா என்பதை அந்த வேடம் போடும் பெண்ணிடமே விட்டுவிட்டேன். அம்மன் கொல்லாது என்று கை தூக்கிய அதே பெண்தான். ஒத்திகையில் ஒரு நாள் சிரித்தாள், மறுநாள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அரக்கர்கள் இரண்டு நாளும் ஒரே மாதிரி விழுந்தார்கள். விழுவது அவர்களுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. எழுத்துப்படியின் கடைசித் தாளில், எதை எங்கிருந்து எடுத்தேன், எதை விட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். பூதம் செய்தது என்ற பாடம் ஒன்று இருக்கிறது, சித்தர் வரும் கதை ஒன்று இந்த ஊரில் இருக்கிறது, வேண்டுமானால் அடுத்த வருடம் அப்படிப் போடுங்கள் என்று.

ஓரியின் சாவை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஓரி வேடத்துப் பையனுக்கு அதில் ஆட்சேபணையே இல்லை. எப்போது சாக வேண்டும், எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று ஒத்திகைக்கு ஒத்திகை கேட்டுத் தெரிந்துகொண்டான். காரி வேடத்துக்குத்தான் ஆள் இல்லை. எட்டாம் வகுப்புவரை கேட்டுப் பார்த்தும் ஒருவனும் ஒப்புக்கொள்ளவில்லை. நண்பரே மீசை ஒட்டிக்கொண்டு மேடை ஏற வேண்டியதாயிற்று.